காது நறுக்கிய உயிர்

பன்றியை ஒளித்து வைப்பது லேசுப்பட்ட காரியமில்லை. ஆட்டை ஒளிக்கலாம், நாலு கொத்துத் தழையைப் போட்டால் வாயை மூடிக்கொண்டு மெல்லும். சாராயப் பானையை ஒளிக்கலாம். குப்பைக் குழி இருக்கவே இருக்கிறது. பன்றியின் வாயையும் அடைக்க முடியாது, வாடையையும் அடைக்க முடியாது. மாப்பிள்ளை வீட்டார் உச்சிப் பொழுதுக்குள் வந்துவிடுவார்கள். வெயில் இப்போதே கொல்லைப் பனையின் பாதிக்கு இறங்கிவிட்டது.

அழகி பன்றிக் கொட்டிலின் கூரையை மண்வெட்டியால் நெம்பித் தள்ளினாள். கழுநீர்த் தொட்டியைக் கவிழ்த்து அதன்மேல் வறட்டியை அடுக்கினாள். மூத்திரம் ஊறிய மண்ணை வெட்டி வேலிக்கு வெளியே வீசிவிட்டு, பள்ளத்தில் சாம்பலைக் கொட்டிச் சாணித் தண்ணீர் தெளித்தாள். குனிந்து மோந்து பார்த்தாள். போகவில்லை. வேப்பிலையைக் குவித்து மூட்டம் போட்டாள்.

அவள் புருஷன் பிச்சை, பன்றியின் பின்னங்காலில் கயிற்றைக் கட்டிக்கொண்டு திண்டாடினான். நார்த்தாமலைப் பாறையில் கல் உடைக்கிறவன். உளியை எங்கே வைத்தால் கல் எப்படி வாயைப் பிளக்கும் என்று தெரிந்தவனுக்குப் பன்றி மட்டும் பிடிபடவில்லை. முன்னால் இழுத்தால் பின்னால் போனது. பின்னால் தள்ளினால் குறுக்கே படுத்தது.

"இழுக்காதீங்க. அது போற போக்குல விட்டு, நீங்க போக வேண்டிய பக்கம் மடக்குங்க" என்றாள் அழகி.

"ஒன்னயக் கட்டுனதுலேர்ந்து அதானே செஞ்சுக்கிட்டிருக்கேன்."

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல. இன்னாசிகிட்ட வெவரமாச் சொல்லுங்க. சாமிக்கு விட்டதுன்னு சொல்லுங்க. காதக் காமிங்க."

"காது அவனுக்குத் தெரியாதாக்கும். ஊரு ஒலகத்துக்கே தெரியும். நீ போயி புளியக் கரை."

இன்னாசி, மலையடிவாரத்தில் பன்றி மந்தை வைத்திருந்த, ஏசுவைக் கும்பிடுகிற வேதக்காரன். வந்தவர்கள் போகிற வரைக்கும் பன்றி அவன் பட்டியில் நிற்க வேண்டும். பிறகு ஒரு நாள், ஊர் கண்ணில் படாமல் அங்கிட்டே இருக்கிற கருப்பர் கோயிலில் காரியத்தை முடித்துவிடுவது. பிச்சை போட்ட திட்டம் அவ்வளவுதான். திட்டத்தில் ஓட்டை இருப்பதாக அழகிக்கும் தோன்றவில்லை.

அது தின்பதற்கு வளர்த்த பன்றி இல்லை. அழகிக்கு முதலில் பிறந்த மூன்றும் தங்கவில்லை. ஒன்று அம்மை போட்டுப் போனது, ஒன்று கக்குவானில் போனது, ஒன்று என்னவென்றே தெரியாமல் போனது. நாலாவது பெண் பிறந்தபோது பூசாரி உடுக்கடித்துச் சொன்னார்: "எடுத்துக்கிட்டுப் போறது பேரக் கேட்டுத்தான் வருது. பெத்தவ கூப்பிடுற கொரல அடையாளம் வச்சு வருது. இந்தப் புள்ளைய மறைக்கணும்." பச்சைப் பிள்ளையையும் ஒரு பன்றிக்குட்டியையும் ஒரே முறத்தில் கிடத்தினார்கள். குட்டியின் வலது காதில் ஒரு நறுக்கு நறுக்கி, அந்த ரத்தத்தைப் பிள்ளையின் காதுக்குப் பின்னால் தடவினார்கள். அன்றிலிருந்து இரண்டுக்கும் ஒரே பேர், பன்னி. எடுக்க வருவது எது பிள்ளை, எது பன்றி என்று தெரியாமல் திரும்பிவிடும். பன்றி கிழடானால் அதன் குட்டிக்குக் காது நறுக்க வேண்டும். பெண்ணுக்குத் தாலி ஏறும் முன்னால் அந்த வழியில் வந்த பன்றியைக் கருப்பருக்குக் கொடுத்துவிட்டு, அந்த வாசலில் வைத்துத்தான் பெற்றவள் தன் வாயால் மகளின் நிஜப் பேரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். அதுவரைக்கும் அது மூடிய பேர். மற்றவர்கள் சொன்னால் குற்றமில்லை. அழகி மட்டும் சொல்லக்கூடாது.

நிஜப் பேர் என்னவோ ராஜாங்கத்துப் பேர். அவள் பிறந்த அன்று பிச்சை புதுக்கோட்டையில் நவராத்திரி அரிசி வாங்க வரிசையில் நின்றான். அரிசியும் ஓர் அம்மன் காசும் கொண்டுவந்தான். காசில் இருக்கிற அம்மன் பேரையே மகளுக்கு வைத்தான்: பிரகதாம்பாள். ஊரில் ஒருத்தர் வாயிலும் அது முழுசாக நுழையவில்லை. பெற்றவளே பன்னி என்று கூப்பிடுகிறபோது மற்றவர்களுக்கு என்ன வந்தது. கடலைக் கொல்லையில் செடி பிடுங்கும்போதும், உட்கார்ந்து காய் ஆயும்போதும் அவளை வைத்துத்தான் சிரிப்பு.

"பன்னிக்குப் பல குட்டி, சிங்கத்துக்கு ஒத்தக் குட்டிம்பாக. நம்ம அழகி பெத்தது ஒத்தக் குட்டி, அதுவும் பன்னியாப் போச்சே."

பெண் தலையை நிமிர்த்தாமல் காயை ஆய்வாள். அம்மன் காசு எப்போதும் அவள் முந்தானை முடிச்சில் இருக்கும்.

பிச்சை பன்றியை விட்டுவிட்டு ஓட்டமும் நடையுமாகத் திரும்பினான். இன்னாசி சந்தைக்குப் போய்விட்டானாம். வீட்டில் ஆளில்லையாம். பட்டிப் படலைத் திறந்து உள்ளே தள்ளிவிட்டு வந்துவிட்டான்.

"ஒருத்தர்கிட்டயும் சொல்லாமயா வந்தீக?"

"காதப் பாத்தாத் தெரிஞ்சுக்கிற மாட்டானா? அங்க பாரு, தோப்பு வழியா ஆளுக வருது."

மாப்பிள்ளையின் அப்பா வெள்ளைச்சாமி, கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரித் தோப்புக்காரர். பெண்டாட்டி போய்ச் சேர்ந்து வருஷமாகிறது. சுத்துப்பட்டு ஊர்களில் சாதிசனத்துக்குள் அவர் வைத்ததுதான் சட்டம். கல்லுடைப்பவன் வீட்டில் சம்பந்தம் செய்ய அவருக்குத் தலையெழுத்தா என்ன? மாதம் தவறாமல் நார்த்தாமலை ஆத்தாளைக் கும்பிட வருகிறவர். போன மாசி மாதம் கூடவே மகன் பழனிச்சாமியையும் கூட்டி வந்திருந்தார். அவன் கேணியடியில் தண்ணீர் கேட்டான். ஊற்றியவளிடம் பேர் கேட்டான். அவள் முழுப் பேரையும் சொன்னாள். அவன் அதைத் தப்பில்லாமல் திருப்பிச் சொன்னான். அவ்வளவுதான் நடந்தது. அவனுக்கும் அவளுக்கும் அதுவே போதுமாயிருந்தது.

பாய் விரித்தார்கள். எல்லாரும் உட்கார்ந்தார்கள், வெள்ளைச்சாமி மட்டும் பந்தக்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒக்காருங்க மச்சான்" என்றான் பிச்சை.

"இருக்கட்டும் மாப்பிள. இந்தக் கரியில ஓடுற பஸ்ஸுல குலுங்கிக் குலுங்கி இடுப்பு செத்துப் போச்சு. நின்னாத்தான் தேவலை."

யுத்த காலம். நெல்லரிசிக்கு நாயாக அலைய வேண்டியிருந்தது. அழகி நாலு வீட்டில் கைமாற்று வாங்கிச் சோறாக்கியிருந்தாள். முருங்கைக்காய்க் குழம்பை ஊற்றப் போனபோது வெள்ளைச்சாமி இலையின்மேல் கையை விரித்தார். "காரம் வேண்டாம் தங்கச்சி. மோரு ஊத்து." ஒரு தொடையில் சாய்ந்து, ஒருக்களித்து உட்கார்ந்து சாப்பிட்டார். நெற்றி வியர்த்திருந்தது.

சாப்பிட்டு எழுந்ததும் பேச்சு சட்டத்தின்மேல் போனது. போக வைத்தவர் அவரேதான்.

"போன வருசம் புதுக்கோட்டையில ஒரு காப்பி கிளப்புக்குப் போனேன். வெள்ள வேட்டி, வெள்ளத் துண்டு. காசு முன்னாடியே குடுத்தேன். அவன் என்னய ஏற எறங்கப் பாத்துட்டு, எந்த ஊரு, என்ன ஆளுகன்னு கேட்டான். சொன்னேன். 'ஓ, பன்னி திங்கிற ஆளுகளா'ன்னுட்டு, மேல தொங்குன கொட்டாங்கச்சிய எடுத்து நீட்டுனான். எம் மகன் பக்கத்துல நிக்கிறான். நான் குடிக்கவா, கொட்டவா?"

தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றியைத் துடைத்தார்.

"குடிச்சேன்" என்றார். "வீட்டுக்கு வந்து மூணு நா சோறு எறங்கல. அப்புறந்தான் கூட்டத்தக் கூட்டுனேன். நம்மள்ல ஒருத்தனும் இனிப் பன்னி வளக்கக் கூடாது, திங்கக் கூடாது. மீறுனா கோயில் மாலை இல்ல, சாவுக்கு ஆளில்ல. நாக்குலகூட அந்தச் சொல்லு வரப்படாது."

அழகிக்குக் கண் கலங்கியது. கொட்டாங்கச்சி அவளுக்கும் தெரியும். ஆனாலும் வேப்பிலைப் புகைக்கு மேலே அந்த வாடை தன் மூக்கில் நிற்பதாகவே அவளுக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

"பொண்ணு பேரு என்னம்மா?"

பெண் யாரும் எதிர்பார்க்காத உரத்த குரலில் சொன்னாள். "பிரகதாம்பாள்."

"ஆத்தா பேரு. எங்க வீட்டுல இந்தப் பேரத் தவிர வேற பேரு ஒனக்குக் கெடையாது" என்றார் வெள்ளைச்சாமி. வைகாசியில் கல்யாணம் என்று முடிவானது. வெற்றிலை மாற்றிச் சந்தனம் பூசினார்கள். "வந்தது வந்துட்டோம், நான் மட்டும் நார்த்தாமலை ஆத்தாளக் கும்பிட்டுட்டு வாரேன். நீங்கள்லாம் பஸ்ஸப் பிடிங்க" என்று அவர் மேற்கே நடந்தார். நடையில் ஓர் அகட்டல் இருந்தது.

"பக்திமான்" என்றான் பிச்சை.

மறுநாள் காலையில் அழகி மடி நிறையத் தவிடு கட்டிக்கொண்டு மலையடிவாரத்துக்குப் போனாள். வழக்கமாகத் தன் குரலுக்கு உறுமிக்கொண்டு வருகிற உயிர். படலுக்கு வெளியே நின்று நாக்கைச் சொடுக்கினாள். மந்தையிலிருந்து ஏதேதோ திரும்பிப் பார்த்தன. அவளுடையது வரவில்லை.

இன்னாசியின் பெண்டாட்டி மரியசெல்வம் வீட்டு வாசலில் கறியைக் கீற்றுக் கீற்றாக அரிந்து உப்பும் மஞ்சளும் தடவிக் கயிற்றில் கோத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கக்கா. தவிடெல்லாம் மடியில கட்டிக்கிட்டு எங்கிட்டுப் பயணம்?"

"எங்க உசுரு நேத்து இங்கிட்டு வந்துச்சு. அதப் பாக்கத்தான்."

"எந்த உசுரு?"

அழகியின் கண் கீழே போனது. வாசல் கல்லின்மேல், மயிர் பொசுக்கிய கால்களுக்குப் பக்கத்தில் இரண்டு காதுகள் கிடந்தன. வலது காதின் ஓரத்தில், நடுவிரல் நுழைகிற அளவுக்குப் பழைய நறுக்கு. விளிம்பு தடித்து ஆறிய நறுக்கு. அது குட்டியாயிருந்தபோது அவள்தான் பிடித்துக்கொண்டிருந்தாள், பிச்சை நறுக்கினான்.

மடி அவிழ்ந்து தவிடு கொட்டியது.

"என்னக்கா? ஏங்க்கா?"

"யாரு அறுக்கச் சொன்னா?"

மரியசெல்வத்துக்கு மெல்ல விளங்கிற்று. அரிவாள்மணையை ஒதுக்கி வைத்துவிட்டு எழுந்தாள். "ஏசுவே. அது ஒங்களுதா? எனக்குத் தெரியாதுக்கா. நான் கேணிக்குப் போயிருந்தேன், அவரு சந்தையில. எங்க மந்தையில வலது காது நறுக்கியிருந்தா அறுப்புக்கு வச்சதுன்னு அர்த்தம். நறுக்காதது வளப்புக்கு. ஆளு வந்து நின்னாரு. உள்ள போயி காதத்தான் தடவுனேன். கையில நறுக்கு தட்டுப்பட்டுச்சு. நல்லாக் கொழுத்திருந்துச்சு. நம்ம மந்தையில இப்பிடி ஒண்ணு எப்ப வளந்துச்சுன்னுகூட ஒரு நிமிசம் நெனச்சேன். காதுல நறுக்கு இருக்கேக்கா. வேற என்னத்த நெனப்பேன்?"

"கருப்பருக்கு விட்டது. எம் மக உசுருக்கு ஈடா விட்டது."

மரியசெல்வம் தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். தனக்குத்தானே போலப் பேசினாள். "எங்க சாமியார் பிரசங்கத்துல சொல்லுவாரு. ஒருத்தனப் பிடிச்சிருந்த பேயெல்லாம் பன்னிக் கூட்டத்துக்குள்ள பூந்துச்சாம். அம்புட்டுப் பன்னியும் தண்ணியில விழுந்து செத்துச்சாம். மனுசன் பொழச்சுக்கிட்டான். அன்னியிலேர்ந்து நம்ம பாவத்த அதுதான் சொமக்குது, நாம அதத்தான் வையிறோம்."

"யாரு தின்னா?"

"அதச் சொல்லப்படாதுக்கா. மருந்துக்குத் திங்கிற மனுசன்."

"என்ன மருந்து?"

"மூலம். ரத்த மூலம். பன்னிக்கறி தின்னாக் கேக்கும்னு யாரோ வைத்தியன் சொல்லியிருக்கான். பெரிய மனுசன், தூரத்து ஊரு. அங்கிட்டுத் தின்னா மானம் போயிரும்னு இங்க வருவாரு. மாசா மாசம் கோயிலுக்கு வர்ற மாதிரி வருவாரு. நின்னுக்கிட்டேதான் திம்பாரு, ஒக்கார முடியாது பாவம். ஈரல மொளகு போட்டு வதக்கிக் குடுத்தேன். கண்ண மூடிக்கிட்டு முழுங்குனாரு. நேத்து நல்ல குசாலா இருந்தாரு. வெத்தலையும் சந்தனமுமா வந்து நின்னாரு. 'பொண்ணு பாத்துட்டு வாரேன், நல்ல எடம்' அப்பிடின்னாரு."

கயிற்றில் தொங்கிய கீற்றுகளில் ஈ மொய்த்தது. அழகி அந்தக் காதை மட்டும் எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

கல் குழிக்குப் போய்ப் பிச்சையிடம் சொன்னாள். அவன் சம்மட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து நின்றான்.

"வேற பன்னி வாங்கிக் காத நறுக்கிருவோம்" என்றான் கடைசியில்.

"மொறத்துல அவளோட கெடந்த குட்டி வழியில வந்ததா அது? அந்த வழி அத்துப் போச்சு."

"அப்பக் கல்யாணத்த நிறுத்திருவோம்."

"என்ன சொல்லி நிறுத்துவீக? அந்தாளு பன்னி தின்னாருன்னா? அது யாரு வீட்டுப் பன்னின்னு கேப்பாக. நாம வளத்தோம்னு நம்மளத்தான் மொதல்ல ஒதுக்குவாக."

"சொல்லாமயே விட்டுட்டா?"

"அவ உசுரத் தின்ன வீட்டுக்கே அவள அனுப்புறதா?"

பிச்சை சம்மட்டியை ஓங்கிக் கல்லில் போட்டான். கல் கோணலாகப் பிளந்தது.

வீட்டில் பெண் தலை சீவிக்கொண்டிருந்தாள். அழகியைப் பார்த்ததும் சிரித்தாள். அவள் சிரிப்பது அபூர்வம்.

"கருப்பர் பூசை எப்ப ஆத்தா?"

"வரும்."

"அன்னிக்கு நீ மொதத் தடவ எம் பேரச் சொல்லுவேல்ல. ஒனக்கு நாக்குத் திரும்புமா? இப்பவே மனசுக்குள்ள சொல்லிப் பாத்துக்க. பி-ர-க-தாம்-பாள். இந்த ஊருல ஒரு நாயி என்னயப் பேரு சொல்லிக் கூப்பிட்டதில்ல. அங்கிட்டுப் போயிட்டா ஒரு நாயி என்னயப் பன்னிங்காது. நாக்குலகூட வரப்படாதுன்னு அவரே சொல்லிட்டாரு."

அழகி அடுப்படிக்குள் போய்க் கேப்பைக் கூழைக் கிண்டினாள். கிண்டிக்கொண்டே இருந்தாள், அது அடிப்பிடித்துத் தீய்ந்த பிறகும்.

ஒரு வாரம் பொறுத்து, கருவாட்டுக்காரிகளோடு சேர்ந்து கந்தர்வக்கோட்டைப் பக்கம் போனாள். முந்திரித் தோப்பில் பழத்தைத் திருகிக் கொட்டையைத் தனியாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். புளித்த பழ வாடை காற்றில் கனத்துக் கிடந்தது. வெள்ளைச்சாமி நின்றபடி மேற்பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தக்காரி தனியாக வந்து நிற்பதைக் கண்டு தோப்பின் உள்ளே கூட்டிப் போனார்.

"என்ன தங்கச்சி, சொல்லாம கொள்ளாம?"

"மூலம் தேவலையாண்ணே?"

அவர் முகம் வெளிறிவிட்டது. சுற்றிலும் பார்த்தார்.

"யாரு சொன்னா?"

அழகி முந்தானை முடிச்சை அவிழ்த்துக் காதைக் காட்டினாள். காய்ந்து கறுத்துச் சருகு மாதிரி இருந்தது. அது என்ன, யாருக்கு விட்டது என்று முறத்திலிருந்து தொடங்கிச் சொன்னாள். சொல்லி முடிப்பதற்குள் அவர் முந்திரி மரத்தைப் பிடித்துக்கொண்டார். சட்டம் போட்டவர்தான், ஆனால் கருப்பர் பேரைக் கேட்டால் கைகால் உதறுகிற ஆள்.

"தெரியாமத் தின்னுட்டேன். மருந்துன்னுதான் தின்னேன். ஒவ்வொரு தடவையும் வாந்தி வரும் தங்கச்சி. வலி பொறுக்க முடியாம..." நிறுத்தினார். "ஊருல சொல்லப் போறியா?"

"சொல்லி எனக்கு என்னண்ணே ஆகப் போவுது."

"கல்யாணம்?"

"நடக்கட்டும். அவ மனசால எப்பவோ இந்த வீட்டுக்கு வந்துட்டா. நிறுத்துனா அவளா ஒண்ணு பண்ணிக்குவா."

"பெறகு நான் என்ன செய்யணும்? பூசை போடணுமா? பத்துப் பன்னி வேணும்னாலும்..."

"பன்னி வேண்டாம்ணே. பூசை நடக்காமப் போச்சு. அப்ப எம் மக பேரு இன்னும் மூடுன பேருதான். அங்கிட்டு இருக்குற வரைக்கும் நான் பாத்துக்குவேன். இங்கிட்டு அவளுக்கு ஆத்தா இல்ல, மாமியா இல்ல. நீங்கதான் எல்லாம். அவளுக்குன்னு விட்ட உசுரும் ஒங்க வயித்துக்குள்ளதான் இருக்கு. தெனம் விடிஞ்சதும், வேற யாரும் அவ பேரச் சொல்றதுக்கு முன்னாடி, நீங்க ஒங்க வாயால அவளப் பன்னின்னு கூப்பிடணும்."

வெள்ளைச்சாமி மரப்பட்டையை நகத்தால் கீறினார். தோப்பில் யாரோ கொட்டையைக் கூடையில் கொட்டும் சத்தம் கேட்டது.

"அந்தச் சொல்ல எஞ் சனத்து மேலேர்ந்து எறக்கத்தான் தங்கச்சி நான் நாயா அலைஞ்சேன்."

"தெரியும்ணே. கொட்டாங்கச்சியச் சொன்னப்ப நானும் அழுதேன்."

"எங்கூட்டுல, எம் மகன் காதுல விழ, நானே..."

"அந்த வாயாலதாண்ணே தின்னீக."

அவர் கீழே பார்த்தார். "அவகிட்டக் காரணத்தச் சொல்லலாமா?"

"சொன்னா மறைப்பு கலைஞ்சிரும். அவளுக்குத் தெரியக் கூடாது. ஒங்க மகனுக்கும் தெரியக் கூடாது."

காதை அந்த முந்திரி மரத்தடியிலேயே குழி தோண்டிப் புதைத்தார்கள். மண்ணைத் தள்ளியது அவர்தான். குந்தி உட்கார முடியாமல், மண்டியிட்டுத் தள்ளினார்.

வைகாசியில் கல்யாணம் நடந்தது. கருப்பர் பூசையைப் பற்றிப் பெண் கேட்டபோது, "நாங்களே முடிச்சிட்டோம்" என்றான் பிச்சை. "அப்பக் கூப்பிடு ஆத்தா" என்று அவள் தாயின் முகத்தைப் பார்த்தாள். மேளம் கொட்டுகிற சாக்கில் அழகி காது கேளாதவள் போல நகர்ந்துவிட்டாள்.

ஐப்பசியில் அடைமழை பிடிப்பதற்கு முன்னால் மகள் ஒரு நாள் வந்தாள். வயிறு தள்ளியிருந்தது. உடம்பு பூசினாற்போலத்தான் இருந்தது. முகம்தான் கடலைக் கொல்லையில் குனிந்திருந்த பழைய முகம்.

அழகி கம்மங்கஞ்சியில் மோரை ஊற்றி, சுட்ட கருவாட்டை வைத்தாள். மகள் கலயத்தைக் கையில் எடுக்கவில்லை.

"அங்கயும் எம் பேரு பன்னிதான் ஆத்தா."

அழகி விறகைத் தள்ளினாள்.

"வீட்டுக்குள்ள அடி வச்ச மறுநாளே, விடிகாலையில வாசல்ல நின்னு மாமா கூப்பிடுறாரு. 'ஏ பன்னி'ன்னு. எனக்கு ஈரக்கொலையே ஆடிப் போச்சு. யாரு சொல்லிக் குடுத்தாகன்னு தெரியல. தெனமும் கூப்பிடுறாரு. ஒரு தடவதான். அப்புறம் நாள் பூராவும் எம் மொகத்தப் பாக்க மாட்டாரு. என்னய வையிற மாதிரியும் இல்ல. எதோ கசாயத்த முழுங்குற மாதிரி மொகத்த வச்சுக்கிட்டுக் கூப்பிடுறாரு. ஒம் மருமகன் மொதல்ல அவுக அப்பாவோட சண்டைக்கிப் போனாக. அவரு ஒண்ணும் பேசல. இப்ப அவுகளே, கோவம் வந்தா பன்னிங்கிறாக. வேலைக்கு வர்ற பொம்பளைக வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கிறாளுக."

"சோறு கீறு நல்லாப் போடுறாகளா?"

"போடுறாக."

"காச்சல் கீச்சல் ஏதும் வந்துச்சா?"

"தோப்புல எல்லாருக்கும் குளிரு நடுங்குற முறைக்காச்சல். பக்கத்து வீட்டுப் புள்ளத்தாச்சி ஒண்ணு செத்துப் போச்சு. எனக்குத் தலவலிகூட வரல. ஏன் கேக்குற?"

"சும்மாதான். கஞ்சியக் குடி."

குடித்தாள். பாதி வைத்துவிட்டு எழுந்தாள். மழை இருட்டிக்கொண்டு வந்தது. பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். முந்தானை முடிச்சை அவிழ்த்து அம்மன் காசை எடுத்துக் கலயத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இது எதுக்கு எனக்கு. அப்பாகிட்டக் குடுத்துரு."

அழகி அவளைப் படல் வரைக்கும் கொண்டுவிட்டாள். படலைத் தாண்டியதும் மகள் நின்றாள். திரும்பாமலே கேட்டாள்.

"நீயாச்சும் ஒரு தடவ என்னயப் பேரச் சொல்லிக் கூப்பிடு ஆத்தா. பூசைதான் முடிஞ்சு போச்சே. ஊருக்குக் கேக்க வேண்டாம். எனக்குக் கேட்டாப் போதும்."

அழகிக்கு நாக்கு திரும்பும். கடலைக் கொல்லையில், அடுப்படியில், கருவாட்டுக்காரிகளுக்குப் பின்னால் நடந்த வழி நெடுக, மனசுக்குள் அவள் அதை எத்தனையோ தடவை தப்பில்லாமல் சொல்லிப் பார்த்திருக்கிறாள். வாயைத் திறந்தாள். மகளின் வயிற்றைப் பார்த்தாள். காற்று சட்டென்று நின்றிருந்தது. பனையோலைகூட ஆடாமல், ஏதோ ஒன்று காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்தில் நிற்பது போலிருந்தது.

"மழைக்கு முந்திப் போயிச் சேரு" என்றாள். "வழுக்கும். பாத்துப் போ, பன்னி."

மகள் திரும்பிப் பார்க்கவில்லை. நடந்தாள். நல்ல நடைதான், காலை அழுத்தி ஊன்றி வைக்கிற நடை. அது தோப்பு வளைவில் மறைகிற வரைக்கும் அழகி படலைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றாள்.